சனிக்கிழமை எழுதிய ஞாயிற்றுக்கிழமை

உலகத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் முதலில் ஒரு காரியம் நடக்கும். பிறகு அது செய்தியாகும். கோலாலும்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மட்டும் ஒரு ஏழெட்டு வருஷம் முதலில் செய்தி வந்தது, பிறகுதான் காரியம் நடந்தது. இதற்கு முழுப் பொறுப்பும் போர்டு அண்ணே என்ற ஒரே ஒரு மனிதரைச் சேரும். இப்படி ஒரு ஆளை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் உடம்பு தாங்கியிருக்காது.

அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. எங்கள் சேவா சங்கத்தின் உறுப்பினர் புத்தகத்திலேயே 'போர்டு' என்றுதான் இருந்தது. செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எழுத்து எழுதும் பெயிண்டர். குள்ளமான ஆள், காக்கி அரைக்கால் சட்டை, காதில் பென்சில். நகக்கண்ணைப் பார்த்தே அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் எந்த வண்டிக்கு என்ன வர்ணம் அடித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

ரயில்வே ஸ்டேஷன்களில் தொங்கும் ஊர்ப் பெயர்ப் பலகைகள் அவர் கைவண்ணம். அந்தக் காலத்தில் இங்கிலீஷ், மலாய்க்கு ஜாவி, சீனம், தமிழ் என்று நாலு எழுத்திலும் ஊர்ப் பெயர் இருக்கும். நாலையும் அவரே எழுதுவார். காஜாங், கிள்ளான், சுங்கை பூலோ என்று எத்தனையோ ஊர்களின் பெயரை எழுதியவர், அதில் ஒரு ஊரைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ரயில் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். ரயில்வேக்காரர் என்பதால் பாஸ் உண்டு. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து செந்தூலுக்குத் தினமும் நடந்தே போய் நடந்தே வருவார். ஏன் என்று கேட்டால், "பெயிண்ட் போட்டவனுக்குத்தான் லா தெரியும், உள்ள எங்கெங்க துருன்னு" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொல்வார். அதைக் கேட்ட பிறகு எனக்கும் ஒரு மாதம் ரயிலில் தூக்கம் வரவில்லை.

சங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை, வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு கறுப்புப் பலகை, அவ்வளவுதான் எங்கள் சொத்து. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏதாவது பொதுச் சேவை செய்ய வேண்டும் என்பது சட்டம். செய்ததை அந்தப் பலகையில் எழுதி வைப்போம். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். தலைவர் ஓர் அரசாங்க ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, எங்கள் பாஷையில் ஹெட் கிராணி. கறுப்புக் கோட்டும் குடையும் இல்லாமல் அவரைக் கண்டவர் கிடையாது. நான் ரயில்வே சரக்கு ஆபீஸில் சின்னக் கிராணி, சங்கத்தில் துணைச் செயலாளர். அதாவது, தலைவர் திட்டுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

முதலில் பலகையில் சாக்பீஸில்தான் எழுதினோம். எங்கள் ஊரில் சாயங்காலம் நாலு மணிக்கு மழை வரும். கடிகாரம் தவறினாலும் மழை தவறாது. ஒரு தடவை 'ஞாயிறு மாலை சங்கத்தில் விருந்து' என்று மேலே எழுதி, கீழே 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தோம். மழை கீழ் வரியை மட்டும் கழுவிவிட்டுப் போயிற்று. ஞாயிறன்று பிரிக்பீல்ட்ஸே வந்துவிட்டது. வண்ணாந்துறைக்காரர்கள், ரிக்‌ஷா இழுக்கும் சீனர்கள், எதிர்ப்பக்கத்து மலாய்க் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து இரண்டு குடும்பம். தலைவருக்கு ஒரு வடைகூட மிஞ்சவில்லை. வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, நன்றியுரை வேறு சொன்னார்.

மறுநாளே அவசரக் கூட்டம். அதில்தான் போர்டு அண்ணே எழுந்து நின்றார்.

"இனிமே சாக்பீஸ் வேணாம் தலைவரே. ஆயில் பெயிண்ட்ல நான் எழுதுறேன். மழையில்ல, வெள்ளமே வந்தாலும் அழியாது."

எல்லோரும் கை தட்டினோம். அவர் உட்காரவில்லை.

"ஆனா ஒண்ணு. நம்ம ஊரு ஈரத்துக்குப் பெயிண்ட் காய ரெண்டு ராத்திரி வேணும். திங்கக்கிழமை காலையில ஜனங்க படிக்கணும்னா சனிக்கிழமை மத்தியானமே எழுதிடணும்."

"ஞாயித்துக்கிழமை நடக்கறத சனிக்கிழமை எப்படிய்யா எழுதுவ?" என்றார் தலைவர்.

"நடந்துச்சுன்னு எழுதுவேன்."

"அப்ப திங்கக்கிழமை எழுதேன். புதன்கிழமை படிச்சுட்டுப் போறாங்க."

"புதன்கிழமை படிச்சா அதுக்குப் பேரு செய்தி இல்ல தலைவரே, சரித்திரம்."

தலைவர் என்னைத் திட்டினார். தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை போர்டு அண்ணே பலகை முழுக்கக் கறுப்பு அடித்தார். சனிக்கிழமை மத்தியானம் மண்ணெண்ணெய்ப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, நூல் பிடித்து வரி போட்டு, வெள்ளைப் பெயிண்டில் எழுதினார். 'நேற்று ஞாயிறன்று சங்க உறுப்பினர் பதினெட்டுப் பேர் சந்துக் கால்வாயைச் சுத்தம் செய்தனர். தலைவர் தாமே மண்வெட்டி பிடித்து முன்னின்றார்.'

எங்களில் கால்வாய் வேலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் ஒன்பது பேர். பதினெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"ஒம்பதுன்னு போட்டா வரி பாதியில நின்னு போயிடுது தம்பி. பார்வைக்கு நல்லா இல்ல. பதினெட்டுதான் ஓரத்துக்கு ஓரம் சரியா உக்காருது."

ஞாயிறு காலையில் தலைவர் வழக்கம்போல் கோட்டும் குடையுமாகக் கோயிலுக்குப் புறப்பட்டார். அதற்குள் பலகையைப் படித்துவிட்டவர்கள் எல்லாம் வழியில் கும்பிட்டார்கள். "தலைவரே, நீங்களே மண்வெட்டி பிடிச்சீங்களாமே" என்று ஒரு பாயிண்ட்ஸ்மேன் கண்கலங்கிக் கேட்டாராம். தலைவர் திரும்பி வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றினார். அரை மணி நேரத்தில் முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் ஒன்பது பேரும் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆளுக்கொரு வீட்டுக் கதவைத் தட்டி இன்னும் ஒன்பது பேரை இழுத்து வந்தோம். சாயங்காலம் மழை பெய்தபோது, அந்தச் சந்தில் முதல் தடவையாகத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் கால்வாயிலேயே ஓடிற்று. தலைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நிமிர முடியவில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததை நான் பார்த்தேன்.

இன்னொரு சனிக்கிழமை, 'கிள்ளானிலிருந்து வந்த பிரமுகர் சுகாதாரத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் சொற்பொழிவாற்றினார். சபையோர் அசையாமல் கேட்டனர்' என்று எழுதிவிட்டார். ஞாயிறன்று பிரமுகர் வரவில்லை. பொன்னுக்கு வீங்கி வந்து தாடை உப்பிப் படுத்துவிட்டார் என்று ஓர் ஆள் வந்து சொன்னான். கொட்டகையில் கூட்டம் நிறைந்திருந்தது. போர்டு அண்ணே என் தோளில் கை போட்டார்.

"தம்பி, போன மாசம் நீ கிள்ளானுக்குப் போயிட்டு வந்தேல்ல?"

"ஆமாண்ணே, சித்தப்பா வீட்டுக்கு."

"அப்ப நீயும் கிள்ளானிலேருந்து வந்தவன்தான். ஏறு மேடையில."

சுகாதாரத்தைப் பற்றி எனக்கு மூன்று விஷயம் தெரியும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், கை கழுவ வேண்டும், கண்ட இடத்தில் துப்பக் கூடாது. மூன்றையும் சொல்லி முடித்தபோது பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே இறங்கப் பார்த்தேன். போர்டு அண்ணே பின்னால் நின்றபடி கையைத் தூக்கி, "இன்னும் ஒண்ணே முக்கா மணி நேரம் இருக்கு தம்பி" என்றார். கொசு, மலேரியா, எலி, பல்வலி என்று போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் கிள்ளான் சித்தப்பாவின் மூல வியாதியைக்கூட விட்டுவைக்கவில்லை. யாராவது நெளிந்தால் போர்டு அண்ணே அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். சபையோர் அசையாமல்தான் கேட்டார்கள்.

இதற்குப் பிறகு உறுப்பினர்கள் எல்லாம் சனிக்கிழமை சாயங்காலமே பலகைப் பக்கம் வந்து, நாளைக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்று பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் ஆளில்லாமல் கிடந்தவர்களைப் பார்த்து வந்தோம். கேட்பாரற்றுச் செத்துப் போனவர்களுக்கு நாலு பேராக நின்று காரியம் செய்தோம். பள்ளிக்கூடத்துக் கூரைக்கு அத்தாப்பு மாற்றினோம். எல்லாமே முதலில் பலகையில் நடந்தவை. அவர் எழுதிய ஒரு வரிகூடப் பொய்யாகவில்லை. பொய்யாக நாங்கள் விடவில்லை. அந்த வரியில் நம்மை ஒருத்தர் நல்லவர்களாக எழுதி வைத்திருக்கும்போது, அதற்குக் குறைவாக நடந்துகொள்ள வெட்கமாக இருக்கும்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள். இந்தியாவில் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். மூட்டை முடிச்சோடு வந்து இறங்கி, துறைமுகத்துக்குப் போகும் ரயிலுக்காகக் காத்திருந்தவர்களில் சிலரை எங்கள் கொட்டகையில் தங்க வைத்துக் கஞ்சி ஊற்றினோம். அப்படி வந்தவள்தான் அஞ்சலை. கூட ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. காஜாங்குக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் இறக்கியவள். புருஷன் கருப்பையா காலில் புண் வைத்து இரண்டு மாதமாகக் காஜாங் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்குள் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். "பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துரச் சொல்லுங்க" என்று ஒரு லோரிக்காரரிடம் புருஷனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கங்காணி ஏற்றிவிட்ட ரயிலில் இவள் வந்துவிட்டாள்.

அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதில் மூன்று பேர்: அவள், கருப்பையா, குழந்தை. புதன்கிழமை ரயிலில் மூவரும் துறைமுகத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். புருஷனை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்றாள் அவள். தோட்டத்துக்குத் திரும்பவும் வழியில்லை. நான் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி விசாரித்ததில், கருப்பையா வெள்ளிக்கிழமையே குணமாகிப் போய்விட்டான் என்று பதில் வந்தது. எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டு வந்து பலகையைப் பார்த்தேன். 'தோட்டத்திலிருந்து வந்த அஞ்சலையின் கணவர் கருப்பையா நேற்று ஞாயிறன்று கிடைத்தார். குடும்பம் ஒன்று சேர்ந்தது.'

தலைவர் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. என்னைத் திட்டக்கூட மறந்துவிட்டார்.

"கால்வாய்ன்னு எழுதின, நான் மண்வெட்டி பிடிச்சேன். ரெண்டு மணி நேரம்ன்னு எழுதின, இந்தத் தம்பி பேசினான். காணாமப் போன ஆள எங்கேருந்துய்யா கொண்டாறது? இது விளையாடற விஷயமா?"

போர்டு அண்ணே பிரஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இத எழுதலன்னா நாளைக்கு நீங்க என்னா செய்வீங்க தலைவரே? இது விஷயமா நிர்வாகக் கூட்டம் போடுவீங்க."

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏனென்றால் நிர்வாகக் கூட்டத்துக்கு நான் ஏற்கெனவே சுற்றறிக்கை எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் போர்டு அண்ணே யோசிக்கவில்லை. அவர் எழுதியது எங்களுக்காக, எங்களை முடுக்குவதற்காக. ஆனால் வழியில் போன யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு, கொட்டகையில் இருந்த அஞ்சலையிடம் போய் நல்ல சேதி சொல்லிவிட்டார். அவள் குளித்து, குழந்தைக்குத் தலை சீவி, ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"அண்ணே, எம்புருசன் கெடச்சிட்டாராமே. எங்க இருக்காரு?"

போர்டு அண்ணேக்கு எதற்கும் ஒரு பதில் உண்டு. அன்று மட்டும் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எதுண்ணே அவரு பேரு?" என்றாள். அவர் பென்சிலால் காட்டினார். அவள் கிட்டே போய் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள். வெள்ளைப் பெயிண்ட் விரலில் ஒட்டிக்கொண்டது. 'கருப்பையா'வில் ஒரு எழுத்து இழுபட்டுப் போயிற்று.

"ஐயோ, அழிச்சிட்டனே."

"பரவால்ல தங்கச்சி. அது இன்னும் காயல. திங்கக்கிழமைக்குள்ள காஞ்சிரும்."

"அப்ப திங்கக்கிழமைக்குள்ள வந்துருவாரா?"

"வந்துருவாரு."

அவள் விரலைத் துடைக்காமல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். போர்டு அண்ணே மண்ணெண்ணெய்ப் பெட்டியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே என்னைக் கேட்டார், "தம்பி, காஜாங்குக்குக் காலையில எத்தன மணிக்கு ரயிலு?"

ஞாயிறு காலையில் கூப்பிடாமலே பதினெட்டுப் பேர் வந்தார்கள். கிள்ளான் பக்கம் சிலர், சுங்கை பூலோ பக்கம் சிலர், செராஸ் ரோட்டில் சைக்கிளில் நாலு பேர் என்று பிரிந்து போனோம். தலைவர் காஜாங் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்க் கேட்டுவிடுகிறேன் என்று முதல் வகுப்பில் ஏறினார். அதே ரயிலில் மூன்றாம் வகுப்பில் நானும் போர்டு அண்ணேயும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரயிலுக்கு வர்ணம் அடித்தவர், அன்றைக்குத்தான் ரயிலில் ஏறினார்.

ஏறியதும் என் கையைப் பிடித்தார். வண்டி அசைந்ததும் கண்ணை மூடினார். "தம்பி, இந்த வண்டி நம்பர் எனக்குத் தெரியும். இதுக்கு அடியில..." என்று தொடங்கி, அடியில் என்ன என்று சொல்லாமலே முகம் வெளுத்துப் போனார். முதல் ஸ்டேஷன் சாலாக் சவுத். வண்டி முழுக்க நிற்பதற்கு முன்பே இறங்கிப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கிவிட நான் இறங்கினேன். வண்டி தலைவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அடுத்த வண்டி மத்தியானத்துக்கு மேல்தான். "ஒரு ஸ்டேஷன்கூட தாங்க முடியாத ஆளு எதுக்குண்ணே கெளம்புனீங்க?" என்று கேட்டேன். அவர் குழாயில் முகம் கழுவிக்கொண்டு, "நடப்போம் தம்பி. தண்டவாளம் காஜாங்குக்குத்தான போவுது" என்றார். வேறு வழியில்லாமல் நடந்தோம். வெயில் ஏறிற்று. இரண்டு பக்கமும் ஈயச் சுரங்கம் தோண்டிய லம்பக் குட்டைகள். வழி நெடுக நான் பத்தடி முன்னாலேயே நடந்தேன்.

சுங்கை பீசி ஸ்டேஷன் வந்தது. சின்ன ஸ்டேஷன், ஆளரவம் இல்லை. போர்டு அண்ணே பிளாட்பாரத்தில் ஏறியதும் தலைக்கு மேலிருந்த ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். சாலாக் சவுத்தில் தலையே நிமிராமல் கிடந்தவர், தான் எழுதிய பலகையை அது இருக்க வேண்டிய இடத்தில் பார்ப்பது அதுவே முதல் தடவை. "கொஞ்சம் சாச்சு மாட்டிட்டானுங்க" என்றார். பிறகு கண் கீழே இறங்கியது. பலகைக்கு நேர் கீழே, காலில் கட்டுப் போட்ட ஒருத்தன் துணி மூட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாருக்குப்பா காத்திருக்க?" என்று கேட்டார் போர்டு அண்ணே.

"எஞ்சம்சாரம் வருவாங்க. இங்கதான் வரச் சொல்லியிருக்கு."

"இது என்னா ஊரு, தெரியுமா?"

"கோலாலும்பூருதானுங்களே. நாலாவது ஸ்டேஷன்ல எறங்குன்னு சொன்னாங்க. வண்டி நாலாவது தடவ நின்னுச்சு, எறங்கிட்டேன்."

வெள்ளிக்கிழமை அவன் வந்த வண்டி, எதிரே வந்த சரக்கு ரயிலுக்கு வழிவிட இரண்டு தடவை காட்டில் நின்றிருக்கிறது. அந்த இரண்டையும் அவன் ஸ்டேஷன் கணக்கில் சேர்த்துவிட்டான். அங்கேயே இறங்கி இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறான். லம்பத்துச் சீனர் ஒருவர் காப்பியும் ரொட்டியும் கொடுத்திருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் ரயிலுக்குக் காத்திருக்கிறான் என்று நினைத்து விட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, மேல இவ்வளோ பெருசா எழுதியிருக்கே" என்றேன் நான்.

"எழுதியிருக்குதுங்க. அதப் பாத்துத்தான் நானும் நெனச்சேன். இவ்வளோ பெரிய போர்டு மாட்டியிருக்காங்கன்னா பெரிய ஊராத்தான் இருக்கும்னு."

போர்டு அண்ணே அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பேர் என்ன என்று கேட்டார். "கருப்பையா" என்றான். அவர் அவன் காலிலிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாலு பாஷையில எழுதுனேன் தம்பி. இவனுக்கு ஒண்ணுலகூட எழுதல" என்றார். என் கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் பெரிய ஊர்களாகப் பார்த்துப் போனோம். ரயிலுக்குப் பயந்து வழியில் இறங்கியவரால்தான் அவன் கிடைத்தான். சந்தோஷத்தில் நான் சிரித்துவிட்டேன்.

கருப்பையாவால் நடக்க முடியாது. அதனால் திரும்பும்போது ரயிலில்தான் வர வேண்டியிருந்தது. போர்டு அண்ணே அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், வாந்தி எடுக்காமல் வந்தார். சாலாக் சவுத்தில் வண்டி நின்றபோது, "இது சாலாக் சவுத். அடுத்ததுதான் கோலாலும்பூரு" என்று அவனுக்குப் படித்துக் காட்டினார்.

நாங்கள் வந்தபோது அஞ்சலை பலகையின் கீழேயே உட்கார்ந்திருந்தாள். கருப்பையாவைக் கண்டதும் எழுந்தாள். அவன் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு நாளா சோறு தின்னியா?" என்று கேட்டாள். குழந்தை ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்ட கையில் அந்த வெள்ளைப் பெயிண்ட் இன்னும் இருந்தது. சாயங்காலம் காஜாங்கிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தலைவர், கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானே கஞ்சி பரிமாறினார்.

புதன்கிழமை மூவரையும் ரயிலேற்றினோம். போர்டு அண்ணே உள்ளங்கை அளவு ஒரு தகரத் துண்டில், பளபளவென்று கறுப்பு அடித்து வெள்ளையில் சங்கத்து விலாசத்தை எழுதிக் கருப்பையாவிடம் கொடுத்தார்.

"ஊருக்குப் போனதும் எழுத்துத் தெரிஞ்ச ஆள்கிட்ட இதக் காட்டி, நல்லபடியா வந்துட்டோம்னு ஒரு வரி போடச் சொல்லு."

அந்தச் சனிக்கிழமை அவர்கள் கப்பல் நடுக்கடலில் இருந்திருக்கும். பலகையின் அடியில் போர்டு அண்ணே எழுதினார்: 'அஞ்சலை, கருப்பையா, குழந்தை மூவரும் சுகமாக ஊர் சேர்ந்தார்கள்.'

அன்றிலிருந்து அவரிடம் இரண்டு மாற்றம். ஒன்று, திங்கட்கிழமை காலையில் பலகைக்குப் பக்கத்தில் நின்று செய்தியை உரக்கப் படிப்பார். படிக்கத் தெரிந்தவர்களையும் நிறுத்தி வைத்துப் படிப்பார். நான் நாலைந்து தடவை வேலைக்கு நேரம் கழித்துப் போய்ப் பெரிய துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாவது, வெள்ளிக்கிழமை தோறும் பலகைக்குக் கறுப்பு அடிக்கும்போது அந்த அடி வரியை மட்டும் ஓர் அட்டையை வைத்து மறைத்துக்கொள்வார்.

"பதில் வரட்டும் தம்பி. அதுவரைக்கும் அது நடந்துக்கிட்டு இருக்கற செய்தி லா."

பதில் வரவில்லை. தபால்காரர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் போர்டு அண்ணே பிரஷைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். நாளாக ஆகத் தபால்காரருக்கே அவரைப் பார்க்கச் சங்கடமாகி வேறு சந்து வழியாகப் போகத் தொடங்கினார்.

சில வருஷம் கழித்து எனக்குக் கிள்ளானுக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை போக வேண்டும். சனிக்கிழமை பலகையில், 'கிள்ளானுக்கு மாற்றலாகிப் போன நம் துணைச் செயலாளர், மாதம் தவறாமல் சங்கத்துக்கு வந்து போகிறார்' என்று இருந்தது. நான் இன்னும் மூட்டையே கட்டவில்லை. "என்னண்ணே இது" என்றேன். "ஓரத்துக்கு ஓரம் சரியா உக்காந்துச்சு தம்பி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவர் இருந்தபோது நான் சொல்லவில்லை. ஆனால் மாதம் தவறாமல் போனேன். அவர் காலமான மாதமும் போனேன். இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கிள்ளானிலிருந்து வந்த பிரமுகர் என்று கடைசியில் நிஜமாகவே ஆகிவிட்டேன்.

சங்கத்துக்கு இப்போது நல்ல கட்டடம் வந்துவிட்டது. செய்திகளை அச்சடித்து வீட்டுக்கே அனுப்புகிறார்கள். பழைய பலகை பின்பக்கத் தாழ்வாரத்தில் நிற்கிறது. மேலெல்லாம் வெறும் கறுப்பு, அடியில் அந்த ஒரு வரி. சாரல் பட்டு வெள்ளை மங்கிக்கொண்டே வரும். போகும்போதெல்லாம் ஒரு சின்னப் பிரஷைக் கொண்டுபோய் எழுத்தின் மேலேயே பூசிவிட்டு வருகிறேன். அவர் கை எனக்கு வராது. 'சேர்ந்தார்கள்' கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. தகரத் துண்டு வழியில் தொலைந்திருக்கலாம், எழுதித் தர ஆள் கிடைக்காமல் போயிருக்கலாம். ஆனால் போர்டு அண்ணே எழுதி நடக்காத காரியம் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் ஊர் சேர்ந்திருப்பார்கள்.